விமானத்தைக் கம்ப்யூட்டர்தானே இறக்குகிறது, இரண்டு பைலட் எதற்கு?

முக்கூடல்காரர் | 2 ஆகஸ்ட் 2025, காலை 9.10

போன வாரம் சென்னையிலிருந்து வாகைக்குளம் (தூத்துக்குடி விமான நிலையம்) வந்தேன். பக்கத்து சீட்டுப் பையன் இன்ஜினியரிங் படிக்கிறவன். இப்போதெல்லாம் விமானத்தைக் கம்ப்யூட்டரே இறக்கிவிடும், பைலட் சும்மா பார்த்துக்கொண்டு இருப்பார் என்று அடித்துச் சொல்கிறான். நிஜமாகவா? அப்படியென்றால் இரண்டு பேர் எதற்கு? எங்கள் கிணற்று மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறேன். ராத்திரி கரண்ட் வந்தால் அதுவே ஓடும், நான் வீட்டில் தூங்குவேன். அது மாதிரிதானே இதுவும்?

பாளை வலது இருக்கை | 2 ஆகஸ்ட் 2025, இரவு 10.40

அண்ணாச்சி, நான் அந்த வலது பக்க இருக்கையில் உட்காருகிறவள். ஊர் பாளையங்கோட்டை. முதலில் ஏடிஆர் என்ற சின்ன விமானம் ஓட்டினேன், இப்போது ஏர்பஸ் ஏ320 என்ற ஜெட்.

பையன் சொன்னது பாதிதான் சரி. நீங்கள் வந்தது ஏடிஆர் 72 என்றால் அதில் ஆட்டோபைலட் உண்டு, ஆனால் இன்ஜின் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டில் கிடையாது. லீவரைக் கையால்தான் நகர்த்த வேண்டும். வாகைக்குளத்தில் பழைய ஓடுபாதை 1,350 மீட்டர்தான். அதில் இறங்கிய ஒவ்வொரு ஏடிஆரையும் ஒரு மனிதர் தன் கையால்தான் இறக்கியிருக்கிறார். இப்போது ஓடுபாதை 3,115 மீட்டர். போன மாதம் 26-ஆம் தேதி புது டெர்மினலும் திறந்தாயிற்று, பெரிய விமானங்கள் வரலாம்.

ஏ320 மாதிரி விமானம் தானாகவே தரை தொடும், உண்மைதான். ஆனால் அதற்குத் தகுந்த ஐஎல்எஸ் (ரேடியோ அலையால் இறங்க வழிகாட்டும்) கருவி அந்த ஓடுபாதையில் இருக்க வேண்டும், விமானமும் பைலட்டுகளும் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும், குறுக்குக்காற்று வரம்புக்குள் இருக்க வேண்டும். டெல்லியில் மார்கழிப் பனிமூட்டத்தில் அப்படி இறங்குவார்கள். மற்றபடி பெரும்பாலான நாட்களில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்ததும், ஆயிரம் அடிக்குக் கீழே எங்கேயோ ஆட்டோபைலட்டை விலக்கிவிட்டுக் கையால்தான் இறக்குகிறோம்.

இரண்டு பேர் எதற்கு என்ற கேள்வி நல்ல கேள்வி. ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் கண்காணிப்பார். வலது, இடது என்று நிரந்தரப் பங்கு கிடையாது, ஒவ்வொரு பயணத்திலும் மாற்றிக்கொள்வோம். கண்காணிப்பவருக்கு ரேடியோ, செக்லிஸ்ட் எல்லாம் உண்டு. அதைவிட முக்கியமாக, இயந்திரத்தையும் ஓட்டுகிறவரையும் சேர்த்துப் பார்க்கிற பொறுப்பு உண்டு. ஆயிரம் அடியில் ஒரு கணக்கு போடுவோம். வேகம் சரியா, இறங்கு விகிதம் சரியா, சக்கரமும் ஃப்ளாப்பும் (இறக்கையின் பின்விளிம்புத் தகடும்) இறங்கியாயிற்றா, இன்ஜினில் வேண்டிய விசை இருக்கிறதா. மூன்று டிகிரி சரிவில் 140 நாட் (விமான வேகத்தின் அலகு) வேகத்தில் வந்தால் நிமிடத்துக்குச் சுமார் 700 அடி இறங்க வேண்டும். அது 1,200 என்று காட்டினால் வாய் திறந்து சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

பாளை வலது இருக்கை | 2 ஆகஸ்ட் 2025, இரவு 11.05

ஆட்டோ ஸ்டார்ட்டர் பற்றி ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டால் அதற்குத் தெரியுமா?

முக்கூடல்காரர் | 3 ஆகஸ்ட் 2025, காலை 6.30

தெரியாது தங்கச்சி. போன கோடையில் காயில் எரிந்துபோய் ரீவைண்டிங்குக்குக் கொடுத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் மோட்டார் ரூமே நாறிப்போய்க் கிடந்தது.

கடையம் டீச்சர் | 3 ஆகஸ்ட் 2025, காலை 8.15

அதற்குத்தான் டிரை ரன் கட் ஆஃப் என்று விற்கிறார்களே. தண்ணீர் இல்லையென்றால் தானே நின்றுவிடும். விமானத்திலும் அப்படி ஒன்று வைத்துவிட்டால் தீர்ந்தது.

பாளை வலது இருக்கை | 3 ஆகஸ்ட் 2025, இரவு 9.50

டீச்சர், வைக்கிறார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஒன்று சேர்கிறது. ஆனால் சேரச் சேர எங்கள் வேலையும் மாறுகிறது. தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்த காலம் போய், கட் ஆஃப் வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டிய காலம் வருகிறது. இதை வெறும் வாயால் சொன்னால் விளங்காது. நம் பக்கத்து ஊரில் நடந்ததையே எழுதுகிறேன்.

1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து பெங்களூருக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் 605. ஏ320 இந்தியாவுக்கு வந்த புதிது. நல்ல பகல் வெளிச்சம், ஓடுபாதை எதிரே தெரிகிறது. காக்பிட்டில் இரண்டு கேப்டன்கள், ஒருவர் மற்றவரைச் சோதித்துக்கொண்டிருந்தார். விமானம் ஓபன் டிசென்ட் என்ற நிலையில் இருந்தது. அந்த நிலையில் இன்ஜின் ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த விசைக்கு, போய்விடும், மூக்கை இறக்கினால்தான் வேகம் நிற்கும். மேலிருந்து இறங்கி வருவதற்கு நல்ல நிலைதான். ஓடுபாதைக்கு அருகே, தாழ்ந்த உயரத்தில், அதைவிட ஆபத்தான நிலை வேறில்லை. மூக்கைத் தூக்கிப் பிடித்தால் வேகம் கரைந்துகொண்டே போகும், இன்ஜின் எழுந்திருக்காது.

அந்த நிலைக்கு ஏன் போனது? இறங்கு விகிதத்தை 700 என்று வைப்பதற்குப் பதிலாக, பக்கத்தில் இருக்கும் உயரக் குமிழில் 700 என்று வைத்திருக்கலாம் என்பது விசாரணையின் ஊகம். இரண்டு குமிழும் அடுத்தடுத்து இருக்கின்றன. நான் தினமும் அவற்றைத் தொடுகிறவள். இரண்டின் வடிவமும் வேறு வேறு, கையால் தடவிப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் பேசிக்கொண்டே கை நீளும்போது எதைத் தொட்டோம் என்பதைக் கை சொல்லாது, திரையைப் பார்த்தால்தான் தெரியும்.

விமானம் ஓடுபாதைக்கு முன்னால் கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். இயந்திரம் எதுவும் கெட்டுப்போகவில்லை. தனக்குக் கொடுத்த கட்டளையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

பாளை வலது இருக்கை | 3 ஆகஸ்ட் 2025, இரவு 10.20

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கதை அரைகுறை. இரண்டு பேரின் ஃப்ளைட் டைரக்டரும் (எப்படி ஓட்ட வேண்டும் என்று திரையில் வழிகாட்டும் கருவி) அணைந்திருந்தால் இன்ஜின் தானே வேகத்தைக் காக்கும் நிலைக்கு வந்திருக்கும். ஒன்று அணைந்தது, மற்றது அணையவில்லை. இப்போது நாங்கள் அதை அணைக்கும்போது இருவரும் வாய்விட்டுச் சொல்லி, திரையில் உறுதி செய்கிறோம். அந்த வார்த்தைப் பரிமாற்றம் வெறும் சடங்கு மாதிரித் தெரியும். 92 பேருக்குப் பிறகு வந்த பழக்கம் அது.

உவரிக் கடற்காற்று | 4 ஆகஸ்ட் 2025, மதியம் 1.30

ஏர்பஸில் லீவர் நகராதாம், போயிங்கில் ஆட்டோத்ராட்டில் லீவரையே நகர்த்துமாம். கை அதன்மேல் இருந்தால் தெரிந்துவிடும். அப்போ போயிங்தான் பாதுகாப்பு என்று சொல்லிவிடலாமே?

பாளை வலது இருக்கை | 4 ஆகஸ்ட் 2025, இரவு 11.30

நகர்வது உண்மை. முடிவு மட்டும் சரியில்லை. இதை நான் நிறையப் பேரிடம் வாதாடியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2009 பிப்ரவரி 25, ஆம்ஸ்டர்டாம். டர்கிஷ் ஏர்லைன்ஸ் 1951, போயிங் 737-800. இடது பக்க ரேடியோ ஆல்டிமீட்டர் (தரையிலிருந்து உயரத்தை அளக்கும் கருவி) பழுதாகி, விமானம் 2,000 அடியை ஒட்டி இருக்கும்போதே மைனஸ் 8 அடி என்று காட்டியது. ஆட்டோத்ராட்டில் அதை நம்பி, தரை வந்துவிட்டது என்று எண்ணி விசையைக் குறைத்து ஐடிலில் வைத்தது. லீவர் பின்னால் போனது, எல்லோர் கண்ணெதிரிலும். வலது பக்க ஆட்டோபைலட்டுக்கு வலது ஆல்டிமீட்டர், அது சரியாக இருந்தது. ஆகவே அது சரிவுப் பாதையில் விமானத்தை நிறுத்த மூக்கைத் தூக்கிக்கொண்டே இருந்தது. ஒரு பாதி இறங்கிவிட்டதாக நினைக்கிறது, மறு பாதி பறந்துகொண்டிருக்கிறது.

மூன்று பைலட்டுகள் இருந்தும் ஏன் கவனிக்கவில்லை? அவர்கள் சரிவுப் பாதையை மேலிருந்து பிடிக்க வந்தார்கள். மேலிருந்து வரும்போது வேகத்தைக் குறைக்க விசை ஐடிலில்தான் இருக்கும். அதனால் பழுதின் விளைவு, அவர்கள் அந்த நேரத்தில் எதிர்பார்த்த காட்சி மாதிரியே இருந்தது. எனக்கு இதுதான் பயம். தப்பு நடக்கும்போது அது தப்பு மாதிரித் தெரிந்தால் யாரும் பிடித்துவிடலாம். சரியான காட்சியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால்? விபத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள், மூன்று பைலட்டுகளும் அதில் அடக்கம்.

அப்புறம் 2013 ஜூலை 6, சான் பிரான்சிஸ்கோ. ஏசியானா 214, போயிங் 777. அன்று அந்த ஓடுபாதையின் கிளைடு ஸ்லோப் (சரிவுப் பாதையைக் காட்டும் ரேடியோ வழிகாட்டி) வேலை செய்யவில்லை, வானம் தெளிவாக இருந்தது. உயரம் அதிகமாக வந்துவிட்டதால் ஓட்டியவர் ஒரு நிலையை மாற்றினார், அது விமானத்தை மேலே ஏற்றப் பார்த்தது. உடனே ஆட்டோபைலட்டை விலக்கி லீவரைக் கையால் ஐடிலுக்கு இழுத்தார். அந்தச் சேர்க்கையில் ஆட்டோத்ராட்டில் ஹோல்டு என்ற நிலைக்குப் போகும். அணையாது, ஆனால் வேகத்தையும் காக்காது. அது காத்துக்கொள்ளும் என்று அவர் நம்பினார். 137 நாட்டில் வரவேண்டியது 103 வரை விழுந்தது. விமானத்தின் பின்பகுதி கடல் சுவரில் மோதியது. 307 பேரில் மூன்று பேர் இறந்தார்கள்.

ஆக, லீவர் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் வேகமுள்ளைப் பார்க்கிற கண் ஒன்று வேண்டும்.

பாளை வலது இருக்கை | 5 ஆகஸ்ட் 2025, காலை 5.40

தூக்கம் வரவில்லை. மேலே எழுதிய மூன்றையும் திரும்பப் படித்தேன். ஒன்று கண்ணில் பட்டது, முன்பே எழுதியிருக்க வேண்டியது. பெங்களூரில் ஒரு கேப்டன் மற்றவரைச் சோதித்தார். ஆம்ஸ்டர்டாமில் துணை பைலட்டுக்குப் பயிற்சி, அதற்காகவே மூன்றாவது ஆள் பின்னால் உட்கார்ந்திருந்தார். சான் பிரான்சிஸ்கோவில் ஓட்டியவர் 777-க்குப் புதியவர், பக்கத்தில் பயிற்சி கேப்டன். மூன்றிலும் காக்பிட்டில் ஒரு பாடம் நடந்துகொண்டிருந்தது.

பாடம் நடக்கும்போது ஆசிரியர் மாணவரைப் பார்க்கிறார், மாணவர் ஆசிரியருக்குத் தன்னைக் காட்டுகிறார். கருவியைப் பார்க்க ஆள் குறைகிறது. கேப்டன் அனுபவசாலி, தேவையென்றால் அவரே தடுத்துவிடுவார் என்று இவர் நினைக்க, இவர் சமாளித்துக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் விட்டுப்பார்ப்போம் என்று அவர் நினைக்க, வேகம் நாட் நாட்டாகக் குறையும். பயிற்சிப் பயணங்களில் நான் இரண்டு மடங்கு கவனமாக இருக்க முடிவெடுத்தது இதைப் படித்த பிறகுதான்.

கடையம் டீச்சர் | 5 ஆகஸ்ட் 2025, மாலை 4.00

பரீட்சை ஹாலில் மூன்று மணி நேரம் மேற்பார்வை நின்றவர்களுக்குத் தெரியும், பார்த்துக்கொண்டே இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று. முதல் அரைமணி நேரம் கண் கூர்மையாக இருக்கும், அப்புறம் ஜன்னலுக்குப் போய்விடும்.

பாளை வலது இருக்கை | 5 ஆகஸ்ட் 2025, இரவு 10.10

டீச்சர், நீங்கள் சொன்ன அரைமணிக் கணக்கு ஆய்விலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ரேடார் பார்த்தவர்கள் நேரம் போகப் போக இலக்குகளைத் தவறவிடுவதைப் பற்றி நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். 1948-ல் வெளியிட்டார். ஒரு கடிகார முள், நொடிக்கு ஒரு துள்ளல். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் துள்ளல். அதைப் பார்த்ததும் பட்டனை அமுக்க வேண்டும், இரண்டு மணி நேரம். முதல் அரைமணிக்குள்ளேயே பிடிபடும் எண்ணிக்கை இறங்கிவிட்டது. சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்ல முடியாது. மனித மூளையின் அமைப்பு அது.

அதனால்தான் பார்த்துக்கொண்டு இரு என்று மட்டும் சொன்னால் போதாது, பார்ப்பதற்கு ஒரு செயல் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் திரையின் உச்சியில் ஒரு பட்டை உண்டு. விசை எந்த நிலையில், உயரம் எந்த நிலையில், திசை எந்த நிலையில் என்று சின்ன எழுத்தில் காட்டும். நிலை மாறினால் அதைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம் வரும், பத்து நொடி நின்று மறையும். பத்தே நொடி. அந்த நேரத்தில் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசிக்கொண்டிருந்தால் கட்டம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

நான் பறந்த மூத்த கேப்டன் ஒருவர், கட்டம் வரும்போதெல்லாம் ஆள்காட்டி விரலை அந்த எழுத்துக்கு நேரே நீட்டி, சத்தமாக வாசிப்பார். பதிலுக்கு நானும் வாசிக்க வேண்டும், தலையாட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் இருக்கையில் வேறு யாராவது அடுத்து உட்கார்ந்தால் திரையின் மேல் விளிம்பில் விரல் ரேகை படிந்திருப்பதைப் பார்த்து, இன்னார் வந்துபோனார் என்று தெரிந்துகொள்வோம். துடைக்கிறவர்களுக்குத்தான் வேலை. இன்றைக்கு அதே பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

முக்கூடல்காரர் | 6 ஆகஸ்ட் 2025, காலை 7.00

எல்லாம் சரி தங்கச்சி. கேப்டன் வயசில் மூத்தவர், அனுபவஸ்தர். அவர் தப்பு செய்கிறார் என்று வலது பக்கம் இருக்கிற சின்னப் பிள்ளை எப்படிச் சொல்லும்? நம்ம ஊரில் பெரியவர் பேசும்போது குறுக்கே பேசினாலே, ஏல, வாயை மூடு என்பார்கள்.

பாளை வலது இருக்கை | 6 ஆகஸ்ட் 2025, இரவு 9.30

நீங்கள் கேட்ட கேள்விகளிலேயே இதுதான் கனமானது அண்ணாச்சி.

2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812. பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கேப்டன் தூங்கிக்கொண்டு வந்திருக்கிறார், குரல்பதிவில் குறட்டைச் சத்தம் இருக்கிறது. இறங்கும்போது விமானம் வெகு உயரத்தில் இருந்தது. துணை பைலட் மூன்று முறை கோ அரவுண்ட் (இறங்காமல் மேலே ஏறிச் சுற்றி வருவது) செய்யச் சொன்னார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. கேப்டன் தொடர்ந்து இறங்கினார். மேசை மாதிரி மலை உச்சியில் இருக்கும் ஓடுபாதை அது, தாண்டினால் பள்ளம். 166 பேரில் 158 பேர் இறந்தார்கள்.

அந்தத் துணை பைலட் சரியாகக் கண்காணித்தார். சரியாகச் சொன்னார். சொன்னதும் காரியம் நடக்கவில்லை. பாளையங்கோட்டையில் வளர்ந்த எனக்கு இது நன்றாகப் புரிகிறது. தாத்தா முன்னால் நாற்காலியில் உட்காராத வீட்டிலிருந்து வந்தவள் நான். மரியாதை எனக்குப் பிடித்த விஷயம், அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் மூவாயிரம் அடிக்குக் கீழே மரியாதையை எப்படிக் காட்டுவது என்பதற்குத் தொழில் ஒரு வழி வைத்திருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். வேகம் குறைந்தால் ஸ்பீடு. இறங்கு விகிதம் கூடினால் சிங்க் ரேட். அவ்வளவுதான். சார், கொஞ்சம் வேகம் பார்த்துக்கிடுங்க என்று வார்த்தை தேட வேண்டியதில்லை, கோபப்படவும் இடமில்லை. என் சொந்த வார்த்தை என்றால் தயங்கியிருப்பேன். புத்தகத்தின் வார்த்தை என்பதால் வாய் தானே திறக்கிறது.

ஆனாலும் முழுசாகத் தீரவில்லை. நிலைகொள்ளாத அணுகல்களில் (வேகமோ இறங்கு விகிதமோ சரியாக நிற்காமல் இறங்க வருவதில்) நூற்றுக்குச் சுமார் மூன்றில்தான் கோ அரவுண்ட் செய்கிறார்கள் என்று ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் ஆய்வு சொன்னது. மற்றவை இறங்கிவிடுகின்றன, பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒன்றும் ஆகாததால்தான் அடுத்த முறையும் இறங்கத் தோன்றுகிறது.

பாளை வலது இருக்கை | 7 ஆகஸ்ட் 2025, காலை 11.15

வாகைக்குளம் பேச்சு எடுத்துவிட்டு ஆடிக் காற்றைப் பற்றி எழுதாமல் விட மனசு வரவில்லை. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் மேல்காற்று இந்தப் பக்கம் பாயும். பணகுடி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதற்காகத்தான். ஏடிஆரில் இருந்து பார்த்தால் வல்லநாட்டு மலை, பனைக் கூட்டம், தூரத்தில் உப்பளத்தின் வெள்ளைக் கட்டங்கள். அழகாக இருக்கும். பார்க்கத்தான் நேரம் இருக்காது.

அப்படி ஒரு ஆடி மாதம் மதியம், நான் கண்காணிக்கிற முறை. ஐந்நூறு அடியில் வேகம் ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தது, கேப்டன் இன்ஜின் விசையைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தார். ஆட்டோத்ராட்டில் இல்லாத விமானம், காற்றோடு மல்லுக்கட்டுகிற கை அவருடையது. ஸ்பீடு என்றேன். சரிசெய்தார். மறுபடி விலகியது. அன்ஸ்டேபிள் என்றேன். ஒரு நொடி கூட யோசிக்காமல் கோ அரவுண்ட் சொல்லி விசையை ஏற்றினார். சுற்றி வந்து இறங்கினோம். கதவருகே நான் நிற்கையில் வெளியே போன ஒருவர், ஒழுங்கா இறக்கத் தெரியாதா, திருநெல்வேலியில் கல்யாணம் முடிஞ்சே போயிருக்கும் என்று திட்டிவிட்டுப் போனார். அவர் அவசரம் அவருக்கு. கேப்டன் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, சரியான நேரத்தில் சொன்னாய் என்றார். என் தொழில் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வந்ததில்லை.

இன்னொரு பக்கமும் பார்த்திருக்கிறேன். வேறொரு காலத்தில் வேறொரு கேப்டன், நான் சிங்க் ரேட் சொன்னதற்கு, எனக்குத் தெரியும் என்று பல்லைக் கடித்தார், இறங்கிய பிறகும் பேசவில்லை. அடுத்த அணுகலில் சொல்ல வேண்டிய இடம் வந்தது, சொன்னேன். நெஞ்சு படபடத்தது.

உவரிக் கடற்காற்று | 7 ஆகஸ்ட் 2025, இரவு 8.00

அப்போ ஆட்டோமேஷனைக் குறைத்துக் கையாலேயே ஓட்டுவதுதான் நல்லதா? கடைசியாக இன்னொன்று. நீங்கள் சொல்லியும் கேப்டன் பதிலே சொல்லவில்லை என்றால்?

பாளை வலது இருக்கை | 7 ஆகஸ்ட் 2025, இரவு 11.50

குறைக்க வேண்டாம். ராத்திரி முழுக்கப் பறந்து, விடியற்காலையில் மழைக்குள் இறங்கும்போது ஆட்டோபைலட் எனக்குக் கொடுக்கும் ஓய்வு மூளையைப் பார்வைக்கு ஒதுக்க உதவுகிறது. நல்ல வானிலையில் அவ்வப்போது எல்லாவற்றையும் அணைத்துக் கையால் ஓட்டிப் பழக்கத்தைக் காக்க வேண்டும், அவ்வளவே. நாள் முழுக்கக் கையால் ஓட்டுகிறவரும் களைத்துப்போய் வேகத்தை விடுவார்.

இரண்டாவது கேள்விக்கு. எங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் சோதனை. அதில் ஒரு பயிற்சி உண்டு. சோதிப்பவர் கேப்டனிடம் ரகசியமாகச் சொல்லிவிடுவார், இறங்கும்போது அசையாமல் உட்காருங்கள் என்று. மயங்கி விழ மாட்டார், கண் திறந்திருக்கும், கை லீவரின் மேல் இருக்கும். பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். வேகம் குறையும், ஸ்பீடு என்பேன். பதில் வராது. மறுபடி ஸ்பீடு என்பேன். பதில் வராது. மூன்றாவது முறை கேட்பதில்லை. ஐ ஹேவ் கன்ட்ரோல் (இனி நான் ஓட்டுகிறேன்) என்று சொல்லி, விசையை ஏற்றி, மூக்கைத் தூக்கி, கோ அரவுண்ட். சக்கரத்தை மடக்கி, பாதுகாப்பான உயரத்துக்குப் போய், கேபின் ஆளை உள்ளே கூப்பிட்டு, கேப்டனின் இருக்கையைப் பின்னால் தள்ளி, தோள்பட்டை வாரை இறுக்கச் சொல்வோம், அவர் கட்டுப்பாடுகளின் மேல் சாய்ந்துவிடாமல் இருக்க. அவருக்கு என்ன ஆயிற்று என்பதை அதற்குப் பிறகுதான் பார்ப்போம்.